ஊரின் நினைவைச் சேர்த்து வைத்தல்: நெல்லைச் சீமையில் வரலாற்று மன்றம் தொடங்குவோருக்கு

எங்கள் ஊர் வரலாற்று மன்றத்தின் வரவுப் பதிவேட்டில் முதல் எண் நெல் அளக்கும் ஒரு மரக்காலுக்கு உரியது. எங்கள் வீட்டு மச்சில் கிடந்ததை நான்தான் தூசி தட்டி இறக்கிக் கொடுத்தேன். மரத்தில் கடைந்தது, மேலும் கீழும் இரும்புப் பூண் போட்டது, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறியது போன்ற ஒரு வெட்டு உள்ளது என்று எழுதி, அளவெடுத்து, படமும் பிடித்து வைத்தோம். அந்த வெட்டு எதற்காக என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஆச்சி இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருள் மண்ணாகிப் போவதற்கு வெகுகாலம் முன்பே அதற்குரிய சொல் போய்விடுகிறது என்பதை அந்த மரக்கால் எங்களுக்கு உணர்த்தியது. ஆகையால், இங்கே நான் சொல்லும் வழிமுறைகள் அனைத்தும் சொல்லை முதலிலும் பொருளைப் பிறகும் சேர்ப்பதற்கானவை.

மன்றம் கூடுதல்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதற்கான படிவமும் விதிமுறைகளும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பதிவு வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிடக்கூடியது. அதைப்பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. ஆனால், துணை விதிகளை எழுதும்போது ஒரு விதியை மறவாமல் சேருங்கள். மன்றம் என்றாவது கலைய நேர்ந்தால், சேர்த்து வைத்த பொருள்களும் தாள்களும் யாரிடம் போகும் என்பதே அந்த விதி. கொடுத்தவர் வீட்டுக்கே திரும்புமா, பள்ளிக்குப் போகுமா, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்படுமா என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்து எழுதிவிட்டால், பின்னாளில் அவை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் முடங்குவதைத் தடுக்கலாம்.

அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் மன்றத்தின் நேர்மை இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக, படித்த ஆண்களாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் ஊர் வரலாற்றில் கோயில் திருப்பணி இருக்கும், பண்ணையார் வீட்டுத் திருமணம் இருக்கும். நாற்று நட்டவர்களின் பெயரும், துணி வெளுத்தவர்களின் பெயரும், கொடை என்னும் கோயில் விழாவுக்குக் கணியான் கூத்து ஆடியவர்களின் பெயரும் இருக்காது. எங்கள் மன்றமும் அப்படித்தான் தொடங்கியது. அதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும், எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் ஒருவராவது உறுப்பினராக இருக்க வேண்டும். பெண்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். கூடும் இடம் எல்லோரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். சிலர் வாசலோடு நின்றுவிட நேரும் இடங்களை விட்டுவிட்டு, தொடக்கப் பள்ளியின் வகுப்பறையையோ ஊராட்சி நூலகத்தையோ தேர்ந்தெடுங்கள்.

முதல் ஓராண்டில் எந்தப் பொருளையும் வாங்கிச் சேர்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பொருள் வந்துவிட்டால் அதற்கு இடமும் பூட்டும் பாதுகாப்பும் தேவைப்படும். மன்றத்தின் உழைப்பெல்லாம் அதிலேயே போய்விடும். அந்த ஓராண்டைப் பேச்சுகளைப் பதிவு செய்வதற்கும், வீடுகளில் இருப்பவற்றை அங்கேயே வைத்துப் படமெடுத்துப் பட்டியலிடுவதற்கும் செலவிடுங்கள்.

ஊரின் தாள்கள் எங்கே இருக்கின்றன

நெல்லை மாவட்டம் 1790-இல் உருவானது. அதிலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தன. எனவே, இன்று உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும், அதன் பழைய ஆவணங்களைத் தேடும்போது திருநெல்வேலியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசின் மிகப் பழைய கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி போன்ற மிஷன் ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் உண்டு. வேறெங்கும் பெயர் எழுதப்படாத ஏழைக் குடும்பங்களின் பெயர்கள் அவற்றில் கிடைக்கக்கூடும். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் மறக்க வேண்டாம்.

ஆனாலும், ஊரின் பெரும்பகுதித் தாள்கள் வீடுகளில்தான் இருக்கின்றன: மூலப்பத்திரம், மொய் நோட்டு, ஜாதகக் கட்டு, கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்கள், கடைக் கணக்கு, கோயில் கொடைக்கு வரி பிரித்த நோட்டு. மொய் நோட்டை யாரும் ஆவணமாக மதிப்பதில்லை. ஆனால், ஒரு திருமணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், என்ன உறவு, எவ்வளவு செய்தார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் தாள் ஊரில் இல்லை. பாத்திரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். சீர் வந்த செம்பு, போணி, சருவச்சட்டி ஆகியவற்றின் விளிம்பில் பெண்ணின் பெயரும் தந்தையின் முதலெழுத்தும் சில நேரம் ஊரும் தேதியும் வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத பெண்கள் பலருக்கு எழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான். பழைய பித்தளையை எடைக்குப் போடும் முன், அந்த எழுத்தையாவது படமெடுத்துக்கொள்ள ஊராரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தல்

எப்போது போவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆற்றுப்பாசன ஊர்களில் பிசான நெல் அறுப்பு முடிந்த பங்குனி, சித்திரையில் பெரியவர்கள் சற்று ஓய்வாக இருப்பார்கள். செம்மணல் தேரிக்காட்டுப் பனையூர்களில் அதே மாதங்கள் பதநீர்க் காலம். பனையேறிக்கும், விடிலி என்னும் குடிசையில் கருப்பட்டி காய்ச்சும் பெண்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அங்கே ஆவணிக்குப் பிறகு போவதே முறை.

ஒருவரிடம் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேச்சை நீட்டாதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழத் தொலைவில் துணி விரித்து வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அடுத்து, இந்தப் பேச்சை மன்றம் வைத்துக்கொள்ளலாமா, மற்றவர்கள் கேட்கலாமா, பெயர் சொல்லலாமா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் மனம் மாறித் திரும்பக் கேட்கலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

“அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருந்தது” என்ற விடையோடு பேச்சு நின்றுவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பனையூர் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த பனையேறி ஒருவர் முதல் அரைமணி நேரம் ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அவருடைய பழைய அரிவாள்பெட்டியை மகள் எடுத்துவந்து மடியில் வைத்தார். அதை இடுப்பில் கட்டுவது போலச் சாய்த்துப் பிடித்தபடி, பாளை சீவும் அரிவாள் வேறு, மட்டை கழிக்கும் அரிவாள் வேறு, இது எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அது ஏன் மறுபக்கம் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லத் தொடங்கினார். தளைநார், முருக்குத்தடி, கடிப்பு, கலயம், உள்ளே பூசும் சுண்ணாம்பு, கருப்பட்டி வார்க்கும் சிரட்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. மரத்துக்கு மரம் ஏறியிறங்கும் வரிசையை விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டைப் படமெடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். கையசைவும் சொல்லின் பகுதிதான். ஆகவே, பொருளைக் கையில் பிடித்துப் பேசும்போது ஒளிப்படமோ காணொலியோ கட்டாயம் எடுங்கள்.

பேச்சை எழுத்தில் பெயர்க்கும்போது ஏட்டுத் தமிழாகத் திருத்தாதீர்கள். “வெள்ளன போயி மடையத் தொறந்துட்டு வருவோம்லா” என்று ஆச்சி சொன்னால் அப்படியே எழுத வேண்டும். “அதிகாலையில் சென்று மதகைத் திறந்துவிட்டு வருவோம்” என்று மாற்றினால் செய்தி இருக்கும். ஆச்சி இருக்க மாட்டார். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று வாய்க்கால் பெயர்களையும், மடைகளின் பெயர்களையும், வயல்களுக்கு ஊரார் வைத்த பெயர்களையும் அவர்கள் ஒலிக்கும்படியே எழுதுங்கள். வருவாய்த்துறை வரைபடத்தில் எண் மட்டும் இருக்கும் பல இடங்களுக்கு ஊர் வாயில் பெயர் இருக்கிறது.

ஆண்டுக் கணக்கு

பெரியவர்கள் ஆண்டைச் சொல்வதில்லை, நிகழ்ச்சியைச் சொல்வார்கள். “பெரிய வெள்ளத்துக்கு மறுவருசம்” என்றால் 1992 நவம்பர் வெள்ளமா, அதற்கு முந்தைய வெள்ளமா என்று அவருடைய வயதை வைத்துத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நயா பைசா வந்தது 1957-இல். தனுஷ்கோடியைக் கடல்கொண்டது 1964 டிசம்பரில். இப்படி ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை ஒரு தாளில் ஆண்டோடு எழுதிக் கையில் வைத்திருந்தால், “அப்போது உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா?” என்று கேட்டே காலத்தை நெருங்கிவிடலாம்.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது, அறுபது ஆண்டுச் சுற்று. தாது என்பது பெரும்பஞ்சம் வந்த 1876-77. அதே பெயர் 1936-37-க்கும் 1996-97-க்கும் உண்டு. தாளும் மையும் முத்திரையும் எந்தச் சுற்று என்பதைச் சொல்லிவிடும். இரண்டாவது, நெல்லைச் சீமைப் பத்திரங்களில் காணப்படும் கொல்லம் ஆண்டு. இங்கே அது ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிவுவரை உள்ள நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிவுவரை உள்ள நாள்களுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924 ஆகஸ்டு-செப்டம்பர். மார்கழியில் மட்டும் ஆங்கில ஆண்டு நடுவில் மாறுவதால் தேதியையும் பார்த்துக் கணக்கிட வேண்டும். அளவுகளிலும் கவனம் தேவை. 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை என்பதும், நிலத்தையே ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று குறித்தார்கள் என்பதும் தெரியாவிட்டால், பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றும் விளங்காது. பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, உங்கள் கணக்கைத் தனியே பக்கத்தில் எழுதுங்கள். கணக்குத் தவறினாலும் மூலம் பிழையாகாது.

வலிக்கிற நினைவுகள்

எல்லா நினைவுகளும் திருவிழாவைப் பற்றியவை அல்ல. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் உருவானவை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் 2024-இல் வேலை முடிந்து மலையைவிட்டு இறங்க நேர்ந்தது. அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். இவ்வாறான நினைவுகளையும், ஊருக்குள்ளேயே நடந்த சாதி மோதல்களையும், பஞ்சத்தையும், பிள்ளைகளின் இறப்பையும் தவிர்த்துவிட்டு எழுதப்படும் வரலாறு பாதி ஊரின் வரலாறாகவே இருக்கும். அதே நேரத்தில், கேட்பது நம் உரிமை என்று எண்ணிவிடவும் கூடாது. அவராகத் தொடங்கினால் கேளுங்கள், நிறுத்தினால் நிறுத்துங்கள், அழுதால் பதிவை அணைத்துவிட்டு உடனிருங்கள். பத்தாண்டுகளுக்குத் திறக்கக்கூடாது என்றோ, தம் காலத்துக்குப் பிறகுதான் கேட்க வேண்டும் என்றோ அவர் சொன்னால், உறையின் மேல் அதை எழுதி முத்திரையிட்டு, மன்றத்தின் செயலாளரும் திறக்காதபடி காக்க வேண்டும். ஒருமுறை இந்த வாக்கு தவறினால், அந்தத் தெருவில் பிறகு யாரும் மன்றத்தோடு பேச மாட்டார்கள்.

பொருள்களை ஏற்றுக்கொள்ளுதல்

ஓராண்டுக்குப் பிறகு பொருள்கள் தாமாகவே வரும். எண் இல்லாமல் எதையும் உள்ளே வாங்காதீர்கள். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள் என்னும் வரிசையில் 2024.3.1 என்பது போல எண்ணிட்டால் குழப்பம் வராது. தைத்துக் கட்டிய கனத்த பேரேட்டில் மையால் எழுதுங்கள். கணினியில் நகல் இருக்கட்டும். பொருளின் பெயர், ஊரார் அதை அழைக்கும் பெயர், கொடுத்தவர், அதைச் செய்தவர், பயன்படுத்தியவர், எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எப்போது வரை, இப்போதைய நிலை, உள்ள பழுது ஆகியவை இருக்க வேண்டும். பத்தமடைப் பாய் ஒன்று வந்தால், ‘பாய், 1’ என்று எழுதி முடித்துவிடாமல், கோரை எங்கிருந்து வந்தது, யார் நெய்தார், யாருடைய திருமணத்துக்கு, ஓரத்தில் நெய்த பெயர் யாருடையது என்று கேட்டு எழுதுங்கள்.

நன்கொடையா, இரவலா என்பதை எழுத்தில் பெற்று, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி மனமுவந்து கொடுத்ததை அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் திரும்பக் கேட்பது இயல்பு. சீட்டு இருந்தால் மனத்தாங்கல் இல்லாமல் தீரும்.

வாங்கக்கூடாதவையும் உண்டு. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டு கடந்த பொருள்களும், வரலாற்று மதிப்புடைய 75 ஆண்டு கடந்த சுவடிகளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றில் சிலைகள், ஓவியங்கள் போன்ற சில வகைகளை முறைப்படி பதிவு செய்தாக வேண்டும். ஆகவே, சிலைகள் மன்றத்துக்கு வேண்டாம். வயலில் ஏர் ஓட்டும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ முதுமக்கள் தாழி தென்பட்டால், அதைத் தூக்கவோ உள்ளே கையிடவோ கூடாது. வேலையை நிறுத்தி, இடத்தைப் படமெடுத்து, மூடிவைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லைக் கொண்டு கி.மு. 1155 என்று காலம் கணிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தத் தாழி முறையான அகழாய்வில் திறக்கப்பட்டதுதான். ஆர்வத்தோடு யாராவது முன்பே கழுவித் துடைத்திருந்தால் அந்தக் காலக்கணிப்பு நமக்குக் கிடைத்திருக்காது. பழைய தாழிக்காடான ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னைக்குப் போயின. அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பரம்பு மேட்டில் கிடைத்ததைப் பார்ப்பதற்கு நூறாண்டுக்கு மேல் வெளியூர் போக வேண்டியிருந்தது. ஊர் மன்றங்கள் வேண்டும் என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வந்த பொருளைத் துலக்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைக் கண்டதும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கை பரபரக்கும். ஆனால், ஒவ்வொரு தேய்ப்பிலும் வெட்டெழுத்தின் கூர்மை மழுங்குகிறது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டினால் போதும். கல்வெட்டுகளைப் படிக்க மாவு பூசுவதும், எழுத்தின் மேல் வண்ணம் தீட்டுவதும் கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது இருட்டியபின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

தாள், ஓலை, ஒளிப்படம்

தாளுக்கு இன்று பெரிய கேடு லேமினேஷன். மூலப்பத்திரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சூடான பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தாளைப் பிரிக்கவே முடியாது. ஒட்டு நாடா, குண்டூசி, ரப்பர் வளையம் ஆகியவற்றையும் நீக்கிவிடுங்கள். மடிப்பை விரித்து, அமிலமற்ற தாள் உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எண் எழுதினால் போதும். துணிகளைச் சுற்ற, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி வைத்தால் கரையானை வருவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். பூச்சி அண்டாமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து, தாளில் படாதபடி வைக்கலாம்.

ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை, பிரிக்கவராத கட்டை வலிந்து பிரிக்க வேண்டாம். முதலில் இருக்கும் நிலையிலேயே படமெடுத்துவிட்டு, பயிற்சி பெற்றவரை அழையுங்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவதும், எழுத்தில் கரி பூசுவதும் அவர் பார்த்துச் சொன்ன பிறகு செய்ய வேண்டியவை. ஏடுகள் அழிந்தது எல்லாம் செல்லரித்து மட்டும் அல்ல. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருக்குப் பின் கோயிலுக்கு வந்த ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. சாத்திரம் சொன்னபடி மரியாதையோடு செய்ததாகவே அதைச் செய்தவர்கள் நம்பினார்கள். ஆகையால், ஏடு இருக்கும் வீட்டுக்குப் போகும்போது அவர்களைக் குறைசொல்லாமல், “ஆற்றில் விடுவதற்கு முன் எங்களுக்கு ஒருமுறை காட்டுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் காட்டுவார்கள்.

ஒளிப்படங்களைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்போது தாமிரபரணிக் கரையிலிருந்த அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்த படங்களை மூன்றாம் நாள் எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். காய்ந்தபின் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவற்றை இழுத்துப் பிரித்தபோது, அம்மாவின் திருமணப் படத்தில் அம்மாவின் முகம் கழன்று மற்றொரு படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டது. மாலையும் கழுத்துச் சங்கிலியும் இங்கே இருக்கின்றன. முகம் அங்கே தலைகீழாக இருக்கிறது. நாங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான். நனைந்த படங்களைக் காயவிடாமல் நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரித்து, படத்தின் முகப்பைத் தொடாமல் அலசி, நிழலில் சுத்தமான துணியின் மேல் முகம் மேலாக வைத்து உலர்த்த வேண்டும். 48 மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது. முடியாவிட்டால், பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யலாம். நனைந்த நோட்டுகளை வெயிலில் போடாமல், விசிறிபோல் விரித்து நிறுத்தி, அச்சிடாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து மாற்றிக்கொண்டே இருந்தால் உலர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே பெட்டிகள் எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவதை மன்றத்தின் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மின்படிகள்

தாள்களை 300 புள்ளியடர்த்தியிலும் (dpi), ஒளிப்படங்களை 600-லும் வருடி எடுங்கள். ஒலிப்பதிவைச் சுருக்காத வடிவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; ஆவணமாக அனுப்ப வேண்டும். கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாகவே இருக்கட்டும். மூன்று படிகள் வேண்டும். அவற்றில் ஒன்று தாமிரபரணி தொடாத வேறு ஊரில் இருக்க வேண்டும். பழைய அச்சு நூல்கள் கிடைத்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஊருக்குக் காட்டுதல்

சேர்த்ததை ஆண்டுக்கு ஒருநாளாவது ஊர் பார்க்க வைக்க வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் கொடைக்கு வந்து சேரும் நாள்களே அதற்கு ஏற்றவை. பள்ளி வகுப்பறையில் மேசை போட்டு, பொருளுக்கு அருகில் பெரிய எழுத்தில் விளக்கச் சீட்டு வைத்து, சீட்டின் பாதியை வெறுமையாக விட்டு, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்றையும் வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மாணவர் இருக்கட்டும். திருத்தம் சொல்ல வருகிறவர்களுக்காகவே கண்காட்சி நடத்துகிறோம் என்று அவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

எங்கள் மூன்றாவது கண்காட்சியில், அந்த மரக்காலின் முன் கீழத்தெரு ஆச்சி ஒருவர் வெகுநேரம் நின்றார். ஒரு காலத்தில் எங்கள் வயலுக்கு அறுப்புக்கு வந்தவர். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுக் கையில் வாங்கி, விளிம்பைத் தடவி, வெட்டின் மேல் பெருவிரலை வைத்தார். “இது கூலிக்கு அளக்குத மரக்காலுல்லா. அளவு குறையுதுன்னு எங்க அம்மை அரிவாளால கீறி வச்சா” என்றார். விற்கும்போது அளந்த மரக்கால் வேறு, அது இதைவிடப் பெரியது என்றும் சொன்னார். என் சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை; சீட்டில் எழுத வேண்டாம் என்றார். மன்றம் கூடிப் பேசி, பதிவேட்டின் முதல் குறிப்பை அடிக்காமல் அப்படியே விட்டு, அதன் கீழே தேதியிட்டு, ஆச்சி சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, சித்தப்பா மறுத்ததையும் அதற்கடுத்த வரியில் எழுதி, எழுதியவர் கையெழுத்திட்டார். உங்கள் பதிவேட்டிலும் திருத்தங்களை இப்படியே செய்யுங்கள். எந்தக் குறிப்பையும் அழிக்காதீர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேருங்கள். வெட்டின் மேல் ஆச்சியின் பெருவிரல் இருக்கும் படம், அவருடைய ஒப்புதலோடு, மரக்காலின் எண்ணிலேயே இரண்டாவது இணைப்பாக இருக்கிறது.